சில்லறையில் கலர் மாறின காசு வந்தா லட்சம் கிடைக்குமா? விற்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ல போறீங்க. கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையில் ஒரு 5 ரூபாய் காசு மட்டும் வித்தியாசமா இருக்கு. ஓரத்தில் நீலம், நடுவில் ஊதா, அங்கங்கே செம்பு நிறம். உடனே போன்ல ஒரு போட்டோ எடுத்து, "அபூர்வ நாணயம் விலை"ன்னு தேடுறீங்க. அடுத்த பத்து நிமிஷத்துல உங்க போன் முழுக்க ஒரே மாதிரி விளம்பரம்: "இந்தக் காசு உங்ககிட்ட இருக்கா? அப்போ நீங்க லட்சாதிபதி!"

அந்த விளம்பரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும். காசு ஏன் கலர் மாறுது? எந்தக் காசுக்கு உண்மையிலேயே கூடுதல் விலை உண்டு? "நாங்க வாங்கிக்கிறோம்"னு சொல்றவங்க உங்ககிட்ட இருந்து எப்படி பணம் எடுக்கிறாங்க?

சுருக்கமான பதில் வேணும்னா இதுதான்: கலர் என்பது வேதியியல், விலை என்பது வாங்குற ஆள். நீலமா மாறின 5 ரூபாய் காசு, கிட்டத்தட்ட எப்பவுமே 5 ரூபாய்தான். அதை விற்க நீங்க முதல்ல பணம் கட்டணும்னு யாராவது சொன்னா, அங்கே விற்பனைக்கு இருக்கிறது காசு இல்லை, நீங்கதான்.

இப்போ விரிவா பார்ப்போம்.

காசு ஏன் கலர் மாறுது?

மழை பெய்ஞ்ச அப்புறம் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கின தண்ணியைப் பார்த்திருப்பீங்க. மேலே மிதக்கிற எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி மின்னும். எண்ணெய்க்குன்னு அந்தக் கலர் எதுவும் கிடையாது. படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்புற ஒளியும், அடிப்பக்கம் பட்டுத் திரும்புற ஒளியும் ஒண்ணோட ஒண்ணு சேரும்போது சில நிறங்கள் கூடும், சில நிறங்கள் குறையும். சோப்புக் குமிழியில் நடக்கிறதும் இதேதான்.

காசு மேலேயும் இப்படி ஒரு படலம் உருவாகும். காத்தில் இருக்கிற கந்தக வாயு, ஆக்சிஜன், ஈரப்பதம், உப்பு, நம்ம கை வியர்வை எல்லாம் உலோகத்தோட சேர்ந்து மெல்லிசா ஒரு பூச்சு கொடுக்குது. படலம் ரொம்ப மெல்லிசா இருந்தா வைக்கோல் மஞ்சள் தெரியும். கொஞ்சம் தடிச்சா செம்பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். இன்னும் தடிச்சா கடைசியில் கறுப்பு. ஒரே காசில் ஓரம் நீலமாகவும் நடு மஞ்சளாகவும் இருந்தா, ஓரத்தில் படலம் தடிமன், நடுவில் மெல்லிசுன்னு அர்த்தம். அவ்வளவுதான்.

வெள்ளி கறுக்கிறதுக்குக் காரணம் வெள்ளி சல்ஃபைடு. உங்க வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழ், கொலுசு கறுக்கிறதும் இதனாலதான். செம்பு பழுப்பாகிறதுக்குக் காரணம் செம்பு ஆக்சைடு. உப்பும் ஈரமும் சேர்ந்தா செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். காசு சேர்க்கிறவங்க இந்த நிற மாற்றத்தை டோனிங்னு சொல்வாங்க.

கடலூர், சிதம்பரம் பக்கம் இது ஏன் சகஜம்?

கடலூர் கடலோர ஊர். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் வீடு இருக்கிறவங்ககிட்ட கேளுங்க, இரும்பு கேட்டும் பைக் சைலன்சரும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குதுன்னு சொல்வாங்க. அதே உப்புக் காத்துதான் காசு மேலேயும் வேலை செய்யுது. துறைமுகத்தில் மீன் வியாபாரத்தில் கைமாறுற காசு, ஈரக் கையோடயும் உப்புத் தண்ணியோடயும் தினமும் பழகுது.

சிதம்பரம் பக்கம் வந்தா பிச்சாவரம். அலையாத்திக் காட்டுச் சேற்றில் காலை வெச்சா அழுகின முட்டை வாசனை அடிக்கும். அதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு, கந்தகம் கலந்த வாயு. அந்தச் சேற்றில் விழுந்து கொஞ்ச நாள் கிடந்த வெள்ளியும் செம்புக் கலப்புக் காசும் வெளியே வரும்போது கறுத்துதான் வரும்.

கோயில் வழியாகவும் காசு கலர் மாறும். தீபாராதனைத் தட்டில் விழுற காசு கற்பூரச் சூட்டையும் கரியையும் வாங்கும். கூடவே விபூதி, குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. ஸ்டீல் காசு நல்லா சூடானா, முதல்ல மஞ்சள், அப்புறம் ஊதா, நீலம்னு நிறம் ஏறும். வெல்டிங் போட்ட ஸ்டீல் பைப் பக்கத்தில் வானவில் மாதிரி தெரியுமே, அதே சமாச்சாரம்தான். போகி அன்னிக்கு நெருப்பில் தவறி விழுந்த காசும் இப்படித்தான் ஆகும்.

வீட்டுக்குள்ளேயும் காரணம் இருக்கு. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. வெள்ளிக் காசு மேல ரப்பர் பேண்டு போட்டு வெச்சா, அது பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். பழைய காகிதக் கவர், வியர்வை ஊறின தோல் பை எல்லாமே காலப்போக்கில் காசுக்கு கலர் கொடுக்கும்.

ஆக, நம்ம பக்கம் கலர் மாறின காசு கிடைக்கிறது அதிசயம் இல்லை. கிடைக்காம இருந்தாதான் அதிசயம்.

உங்க கையில் இருக்கிறது என்ன உலோகம்?

விலை பேசுறதுக்கு முன்னாடி உலோகம் தெரியணும். இன்னிக்கு சில்லறையில் வர்ற காசுகளில் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை.

1 ரூபாய், 2 ரூபாய்: இப்போ புழக்கத்தில் இருக்கிறதில் பெரும்பாலானவை ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுமார் 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். காந்தம் ஒட்டும். 1992-க்கு அப்புறம் வந்த பழைய 11 பக்க 2 ரூபாய் காசு செம்பு-நிக்கல் கலவை.

5 ரூபாய்: 1992-ல் வந்த அந்தக் கனமான தடி காசு 9 கிராம், 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். 2009-க்கு அப்புறம் வந்த மஞ்சள் காசு 6 கிராம், நிக்கல் பித்தளை. அதாவது செம்பு, துத்தநாகம், கொஞ்சம் நிக்கல். நடுவில் சில வருஷம் ஸ்டீலிலும் அடிச்சாங்க.

10 ரூபாய்: இரண்டு உலோகக் காசு. 27 மில்லிமீட்டர் விட்டம், 7.71 கிராம் எடை.

20 ரூபாய்: 2020-ல் வந்த 12 பக்கக் காசு. 8.54 கிராம். வெளி வளையத்துக்கு நிக்கல் சில்வர்னு பேர். பேர்ல சில்வர் இருக்கேன்னு ஏமாறாதீங்க. 65 சதவீதம் செம்பு, 15 சதவீதம் துத்தநாகம், 20 சதவீதம் நிக்கல். வெள்ளி துளி கூட கிடையாது.

இதைப் பார்த்தாலே புரியும். மஞ்சள் 5 ரூபாயில் முக்கால்வாசி செம்பு. செம்பு சீக்கிரம் கலர் மாறும். உங்க நீல-ஊதா காசோட ரகசியம் பெரும்பாலும் இதுதான். 10, 20 ரூபாய் காசுகளில் இரண்டு உலோகம் ஒட்டி இருக்கிறதால, உப்பு ஈரத்தில் ஒரு பகுதி இன்னொண்ணை விட வேகமா நிறம் மாறும். அதைப் பார்த்து "மின்ட் எரர்"னு நினைக்கிறவங்களும் இருக்காங்க.

இன்னொரு வகையும் உண்டு. நகைப் பட்டறையில் முலாம் பூசின காசு. "தங்க 5 ரூபாய்", "வெள்ளி 10 ரூபாய்"னு காட்டுவாங்க. காசோட விளிம்பையும், எழுத்து மேடா இருக்கிற இடத்தையும் போன் கேமராவில் பெருசாக்கிப் பாருங்க. தேய்ஞ்ச இடத்தில் அடி உலோகம் தெரியும். கிராமுக்குக் கீழேயும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா எடையும் பார்த்துடலாம்.

கலருக்காகவே காசு கொடுத்து வாங்குறவங்க இருக்காங்களா?

இருக்காங்க. இதை மறைச்சா கட்டுரை நேர்மையா இருக்காது.

அமெரிக்காவில் மார்கன் டாலர்னு ஒரு வெள்ளிக் காசு. 1878 முதல் 1904 வரை, அப்புறம் 1921-ல் அடிச்சது. அதில் நிறைய காசுகள் பல வருஷம் துணி மூட்டைகளில் கட்டி பெட்டகத்திலேயே கிடந்துச்சு. துணியில் இருந்த கந்தகம் பட்டு, சில காசுகளில் அழகான வானவில் நிறம் ஏறிடுச்சு. இந்த மாதிரி காசுக்கு அங்கே சேகரிப்பாளர்கள் சாதாரண மார்கன் டாலரை விட பல மடங்கு கொடுக்கிறாங்க.

ஆனா அந்தக் கதையில் உள்ள மூணு நிபந்தனையைக் கவனிங்க. ஒண்ணு, காசே வெள்ளி. கலர் இல்லாட்டியும் அதுக்கு ஒரு அடிப்படை விலை உண்டு. இரண்டு, அது புழங்காத காசு. மூட்டையில் கிடந்ததால தேய்மானம் இல்லை. மூணு, நிறம் இயற்கையா வந்ததான்னு பார்த்துச் சான்று கொடுக்கிற தர நிர்ணய நிறுவனங்கள் அங்கே இருக்கு. செயற்கையா ஏத்தின கலர்னு சந்தேகம் வந்தா சாதாரண மதிப்பெண் கொடுக்க மாட்டாங்க, விலையும் விழுந்துடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? செயற்கையா கலர் ஏத்துறது அவ்வளவு சுலபம். வேக வெச்ச முட்டையோட வெள்ளிக் காசை ஒரு மூடின டப்பாவில் வெச்சாலே போதும், முட்டையில் இருந்து வர்ற கந்தக வாயு கலர் கொடுத்துடும். சமையலறையில் கொஞ்ச நேரத்தில் செய்ய முடியுற ஒண்ணுக்கு, யார் லட்சக்கணக்கில் கொடுப்பாங்க?

உங்க பஸ் சில்லறை இந்த மூணு நிபந்தனையில் ஒண்ணைக் கூட தாண்டாது. வெள்ளி இல்லை. நூறு கை மாறித் தேய்ஞ்சிருக்கு. கலர் எப்படி வந்ததுன்னு சொல்ல ஆளும் இல்லை.

அப்போ எந்தக் காசுக்குத்தான் விலை?

சேகரிப்பாளர்கள் பார்க்கிறது முக்கியமா நாலு விஷயம்.

முதல்ல, எண்ணிக்கை. அந்த வருஷம், அந்த மின்ட்டில் எவ்வளவு அடிச்சாங்க, அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கு. இந்தியாவில் நாலு நாணயச்சாலை இருக்கு. வருஷத்துக்குக் கீழே பாருங்க. வைரம் மாதிரி குறி இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. இது அபூர்வக் குறி இல்லை, எல்லாக் காசிலும் இருக்கிற முகவரி. "நட்சத்திரம் போட்ட காசு லட்சம்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

இரண்டாவது, தரம். புழங்காத, தேயாத காசுக்கும், தேய்ஞ்ச காசுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

மூணாவது, அச்சுப் பிழை. படம் நடுவில் விழாம ஒதுங்கி விழுந்தது, தப்பான உலோகத் தகட்டில் அடிச்சது போன்றவை. இதெல்லாம் நாணயச்சாலைக்குள்ளேயே நடந்திருக்கணும். வெளியே வந்த அப்புறம் அடிபட்டு நசுங்கினது, நெருப்பில் கருகினது எல்லாம் பிழை இல்லை, சேதம்.

நாலாவது, தேவை. வாங்க ஆள் இருக்கணும்.

நினைவு நாணயங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் நாணயம், காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய், அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு 5 ரூபாய் எல்லாம் நம்ம சில்லறையில் வந்திருக்கு. கிடைச்சா எடுத்து வைங்க, பார்க்க அழகு, நம்ம வரலாறும் கூட. ஆனா புழக்கத்துக்காகவே அடிச்சுப் பொதுமக்கள்கிட்ட விட்ட காசு. சொத்து விலை போகாது. 2012-ல் வந்த வைஷ்ணவ தேவி நாணயமும் அப்படித்தான். இதை வெச்சுதான் "லட்சம் தர்றோம்" விளம்பரங்கள் அதிகமா சுத்துது.

"இணையத்தில் 5 லட்சம்னு போட்டிருக்காங்களே?"ன்னு கேட்பீங்க. போட்டிருப்பாங்க. அது ஒருத்தர் கேட்கிற விலை. யாராவது வாங்கினாங்களாங்கிறதுதான் கேள்வி. நானும் என் பழைய சைக்கிளுக்கு 5 லட்சம்னு விளம்பரம் போடலாம், அதனால சைக்கிள் விலை ஏறிடாது. விலை பார்க்கணும்னா, ஏலத்தில் விற்று முடிஞ்ச விலையைப் பாருங்க.

இப்போ முக்கியமான இடம்: பணம் எப்படி பறிபோகுது?

இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஒரு எச்சரிக்கை வெளியிட்டுச்சு. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கிறதா சொல்லி, ஆர்பிஐ பெயரையும் லோகோவையும் பயன்படுத்தி சிலர் மக்கள்கிட்ட கட்டணம், கமிஷன், வரின்னு பணம் கேட்கிறாங்க. ஆர்பிஐ இந்த மாதிரி வியாபாரத்தில் ஈடுபடுறதில்லை, எந்தக் கட்டணமும் கேட்கிறதில்லை, தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் கொடுக்கலைன்னு தெளிவா சொல்லிடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்கு நான் எழுதின எண்கள். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மாசம் 22,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருத்தர்னு வெச்சுக்குவோம்.

அவர் போட்டோ அனுப்புறார். "சார், உங்க காசு ரேர். 3 லட்சம் தர்றோம்"னு பதில் வருது. அவருக்கு ஆச்சரியம், சந்தோஷம்.

முதல் படி: "பதிவுக் கட்டணம் 750 ரூபாய்." மூணு லட்சத்துக்கு முன்னாடி 750 எம்மாத்திரம்? கட்டிடுறார். உடனே ஆர்பிஐ முத்திரை போட்ட ஒரு சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வருது. நம்பிக்கை கூடுது.

இரண்டாவது படி: "காசை வாங்க ஆள் வர்றாங்க. இன்சூரன்ஸ், கூரியர் 2,800 ரூபாய். திருப்பித் தந்துடுவோம்."

மூணாவது படி: "உங்க பணம் தயார். ஜிஎஸ்டி 6,500 கட்டினா ரிலீஸ் ஆகும்." கூடவே நோட்டுக் கட்டு அடுக்கின வீடியோ.

நாலாவது படி: "தொகை பெருசுங்கிறதால ஹோல்டு ஆயிருக்கு. 12,000 கட்டுங்க. கட்டலைன்னா கேஸ் ஆகும்." இப்போ பயமும் சேர்ந்துடுச்சு.

மொத்தம் 22,050 ரூபாய். ஒரு மாச சம்பளம் முழுசா போச்சு. காசு மட்டும் இன்னும் அவர் கையிலேயே இருக்கு. அதோட மதிப்பு 5 ரூபாய்.

இதே 22,050-ஐ 7 சதவீத ஆண்டுக் கூட்டுவட்டியில் 5 வருஷம் போட்டிருந்தா சுமார் 30,900 ரூபாய் ஆகியிருக்கும். ஆனா நஷ்டம் அதோட முடியாது. அந்த மாசம் வாடகைக்கும் இஎம்ஐ-க்கும் கடன் வாங்கணும். ஆதார், பான், வங்கி விவரம் எல்லாம் அனுப்பியிருந்தா அடுத்த மோசடிக்கு அவங்க கையில் மூலப்பொருள் ரெடி. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிற மன உளைச்சல் தனி.

இது ஏன் படிச்சவங்ககிட்டயும் வேலை செய்யுது? ஒவ்வொரு படியிலும், "இதுவரை கட்டினது வீணாகிடுமே"ங்கிற எண்ணம்தான் அடுத்த படியைக் கட்ட வைக்குது. 750 கட்டினவர் அதைக் காப்பாத்த 2,800 கட்டுறார். நஷ்டத்தில் இருக்கிற ஷேரை விற்க மனசு வராம இன்னும் வாங்கிப் போடுறவங்களுக்கும் இதே நோய்தான்.

இதுக்கு ஒரே ஒரு விதி போதும். உங்க பழைய பைக்கை விற்கும்போது வாங்குறவர் உங்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பார். நீங்க அவருக்குக் கொடுக்க மாட்டீங்க. காசு விற்றாலும் அதே நியாயம்தான். பணம் வாங்குறவர்கிட்ட இருந்து விற்கிறவர்கிட்ட வரணும். திசை மாறினா அந்த நிமிஷமே பேச்சை நிறுத்துங்க.

ஏற்கெனவே கட்டிட்டீங்களா? தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க. இது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். சீக்கிரம் சொன்னாதான் பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்கு முன்னாடி முடக்க வாய்ப்பு உண்டு. சாட், பணம் அனுப்பின ரசீது எதையும் அழிக்காதீங்க. உங்க வங்கிக்கும் உடனே தகவல் சொல்லுங்க.

சரி, கலர் மாறின காசு கடையில் செல்லுமா?

நம்ம பக்கம் இதுதான் தினசரி தொல்லை. நல்லா இருக்கிற 10 ரூபாய் காசையே "வேணாம் தம்பி, நோட்டா கொடுங்க"ன்னு சொல்ற கடைகள் உண்டு. கறுத்த காசுன்னா கேட்கவே வேணாம்.

சட்டம் என்ன சொல்லுது? 2011 நாணயச் சட்டப்படி, 1 ரூபாயும் அதுக்கு மேலேயும் உள்ள காசுகள் 1,000 ரூபாய் வரைக்குமான தொகைக்கு சட்டப்படி செல்லும் பணம். 50 பைசா 10 ரூபாய் வரை செல்லும். காசு சிதைக்கப்படாம இருக்கணும், எடை குறைஞ்சிருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கலர் மாறினா எடை குறையாது, அதனால செல்லும். 25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ளதும் மட்டும் 2011 ஜூன் 30-ஓட செல்லாம போச்சு.

10 ரூபாய் காசில் 14 விதமான டிசைன் வந்திருக்கு, எல்லாமே செல்லும்னு ஆர்பிஐ 2018 ஜனவரியில் அறிவிச்சது. சந்தேகம் கேட்க 14440 என்ற இலவச எண்ணையும் கொடுத்துச்சு. கடைக்காரர்கிட்ட சண்டை போட வேணாம். வங்கிக் கிளைகள் காசை வாங்கிக்கணும்னு ஆர்பிஐ அறிவுறுத்தியிருக்கு. சேர்த்து வெச்சு உங்க கணக்கிலேயே கட்டிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "செம்பு விலை ஏறிடுச்சு, பழைய 5 ரூபாயை உருக்கினா லாபம்"னு யாராவது யோசனை சொன்னா ஓடிடுங்க. நாணயத்தை உருக்குறதும் அழிக்கிறதும் அதே சட்டப்படி குற்றம். 7 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு.

பாட்டி பெட்டியில் கறுத்த ரூபாய் கிடைச்சா?

இங்கேதான் கதை மாறுது. சில்லறையில் கிடைக்கிற காசுக்குச் சொன்னது இதுக்குப் பொருந்தாது.

1939 வரை அடிச்ச பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் காசு 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடிச்சதில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 காசில் வெள்ளியே இல்லை, நிக்கல். அன்னிக்கு வெள்ளி விலை கிராமுக்கு எவ்வளவோ, அதை 10.69 அல்லது 5.83-ஆல் பெருக்குங்க. வெள்ளி கிராம் 100 ரூபாய்னு வெச்சா, 1939-க்கு முந்தைய காசில் 1,069 ரூபாய் வெள்ளி இருக்கு. இதுக்குக் கீழே யார் கேட்டாலும் யோசிங்க. அபூர்வ வருஷமா இருந்தா இதுக்கு மேலே. ஆனா அபூர்வ வருஷத்துக்குத்தான் போலியும் அதிகம்.

இந்தக் காசு கறுத்திருந்தா தேய்க்காதீங்க! புளி, எலுமிச்சை, விபூதி, பீதாம்பரி எதுவும் வேணாம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. காசில் போட்டுத் தேய்ச்சா மேல்பரப்பில் நுண்ணிய கீறல் விழும், சேகரிப்பாளர் உடனே கண்டுபிடிச்சு விலையைக் குறைப்பார். அந்தப் பழைய கறுப்புதான் அதோட வயசுக்குச் சாட்சி.

மண்ணுக்குள்ள கிடைச்ச காசுக்கு வேற சட்டம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற பரங்கிப்பேட்டையோட ஐரோப்பியப் பெயர் போர்ட்டோ நோவோ. அந்தப் பெயரிலேயே ஒரு தங்க வராகன், போர்ட்டோ நோவோ பகோடான்னு நாணயவியலில் இருக்கு. அதனால இந்தப் பக்கம் வீடு கட்டத் தோண்டும்போதோ, வெள்ளத்துக்குப் பிறகோ பழைய காசு கிடைக்க வாய்ப்பு இல்லாம இல்லை. 1878 புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். ரகசியமா விற்றா நீங்கதான் குற்றவாளி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் தொல்பொருள் சட்டத்துக்குள்ளயும் வரும், வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது.

காசு சேர்க்கிறது முதலீடா?

பொழுதுபோக்கா செய்ங்க, அருமையான விஷயம். ஒரு காசை வெச்சே உலோகம், அரசியல், வரலாறு எல்லாம் கத்துக்கலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயத் தொகுப்பு இருக்கு. மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி சங்கங்களும் இருக்கு. விற்கணும்னாலும் அப்படிப்பட்ட இடங்களில் இரண்டு மூணு பேர்கிட்ட காட்டி விலை கேளுங்க.

முதலீடுன்னு பார்த்தா மூணு சிக்கல். வட்டி, டிவிடெண்ட் எதுவும் வராது. வியாபாரி உங்களுக்கு விற்கிற விலையும், உங்ககிட்ட வாங்குற விலையும் ஒண்ணா இருக்காது. உதாரணத்துக்கு 500-க்கு வாங்கினதை நாளைக்கே விற்கப் போனா 300 கேட்கலாம். விலை 60 சதவீதத்துக்கு மேல ஏறினாதான் உங்க 500 திரும்பும். மூணாவது, மியூச்சுவல் ஃபண்டுக்கு செபி இருக்கிற மாதிரி இங்கே கண்காணிக்க ஆள் இல்லை. அதனால அவசர நிதி, இன்சூரன்ஸ், மாசாந்திர சேமிப்பு எல்லாம் போக மீதியில் சினிமாவுக்கு ஒதுக்குற மாதிரி ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்க, போதும்.

வித்தியாசமான காசு கிடைச்சா செய்ய வேண்டியது

1. தேய்க்காதீங்க, கழுவாதீங்க. ஓரத்தைப் பிடிச்சு ஒரு சின்னக் காகித உறையில் தனியா வைங்க. ரப்பர் பேண்டு வேணாம்.

2. வருஷம், மின்ட் குறி, எடை, காந்தம் ஒட்டுதா என்பதைக் குறிச்சு வைங்க.

3. இதே வருஷத்துச் சாதாரண காசை பக்கத்தில் வெச்சுப் பாருங்க. கலர் மட்டும்தான் வித்தியாசமா? அப்போ அது முகமதிப்புதான். எழுத்தோ படமோ ஒதுங்கியிருக்கா? அப்போ விவரம் தெரிஞ்சவர்கிட்ட நேர்ல காட்டுங்க.

4. விலை பார்க்கும்போது விற்று முடிஞ்ச விலையை மட்டும் நம்புங்க.

5. யார் முன்பணம் கேட்டாலும், அது 99 ரூபாயா இருந்தாலும், அங்கேயே நிறுத்துங்க. ஆதார், பான், ஓடிபி எதுவும் கொடுக்காதீங்க.

6. வீட்டில் அப்பா, அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்க. அவங்க போனிலும் இதே விளம்பரம் வந்துட்டுத்தான் இருக்கும். பழைய காசு டப்பா அவங்ககிட்டதான் இருக்கு, அதனால ஆபத்தும் அவங்களுக்குத்தான் அதிகம்.

1930 என்ற எண்ணை உங்க போனிலும் அவங்க போனிலும் இப்பவே சேவ் பண்ணி வெச்சுடுங்க. நம்ம சேனல் வீடியோவில் மின்ட் குறி பார்க்கிறது எப்படி, தராசில் எடை சரிபார்க்கிறது எப்படின்னு காட்டியிருக்கோம், இதைப் படிச்சுட்டு அதையும் பார்த்தா இன்னும் தெளிவாகும். அடுத்த கட்டுரையில் வெள்ளி இடிஎஃப் வாங்கலாமா, வெள்ளிக் காசு வாங்கலாமான்னு பார்ப்போம்.